இரண்டு பட்டியல்கள்

1960ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் இறுதி. துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரம். 36 வயதுடைய பல்கலைக் கழக ஆசிரியர் ஒருவர் செய்தித்தாளை வாங்கிப் பிரிக்கிறார். பட்டியலொன்று வெளியாகியிருக்கிறது. 147 பெயர்கள். நாட்டின் பல்கலைக் கழகங்களிலிருந்து நீக்கப்பட்ட ஆசிரியர்களின் பெயர்கள் அவை. அவற்றுள் அவருடைய பெயரும் இருந்தது.

அந்த ஆண்டு மே 27ஆம் நாள் துருக்கியின் ஆட்சியைப் படையினர் கைப்பற்றியிருந்தனர். துப்பாக்கி ஏந்தி வந்தவர்களின் பார்வை ஐந்தே மாதத்தில் பல்கலைக் கழகங்களின் பக்கம் திரும்பிற்று. தனித்தனியே இன்னின்ன குற்றம் என்று எடுத்துக் காட்டினார்களா? இல்லை. எவரையாவது அழைத்து விளக்கம் கேட்டார்களா? அதுவும் இல்லை. ஒரு சட்டம், ஒரு பட்டியல், சில கையெழுத்துக்கள் — அவ்வளவுதான்! பல்லாண்டு கற்றவர்களைப் பகலொன்றில் தெருவிலே நிறுத்த அது போதுமானதாயிருந்தது. கண்டித்துப் பதவி விலகிய பல்கலைக் கழகத் தலைவர்களும் உண்டு. ஆனால் பட்டியல் பட்டியலாகவே நின்றது.

செய்தித்தாளில் தம் பெயரைக் கண்ட அந்த ஆசிரியரின் பெயர் புவாத் செஸ்கின். அவரும் அப்பொழுது ஒரு பட்டியலைத்தான் தயாரித்துக் கொண்டிருந்தார். அது மனிதர்களை வெளியேற்றும் பட்டியலல்ல; மறைந்துபோன அறிஞர்களை மீண்டும் அவைக்கு அழைத்துவரும் பட்டியல். அரபு மொழியில் எழுதப்பட்டு, உலகின் மூலை முடுக்குகளிலெல்லாம் முடங்கிக் கிடந்த கையெழுத்துப் பிரதிகளின் பட்டியல். ஆட்சியாளர்களின் பட்டியல் இரண்டாண்டிலே செத்தது. 1962இல் நீக்கப்பட்டவர்கள் திரும்பி வரலாம் என்று இன்னொரு சட்டம் வந்து அதைக் குழியில் இட்டது. செஸ்கினின் பட்டியலோ 17 பெருந்தொகுதிகளாக வளர்ந்தது. அரபு நாகரிகத்தின் அறிவியலை ஆராய விரும்பும் எவரும் அதைப் புரட்டாமல் அடியெடுத்து வைக்க இயலாது என்னும் நிலை உலகெங்கும் உண்டாயிற்று.

இவர் வாழ்வைத் தமிழ் மக்கள் அறிந்திருக்க வேண்டும். ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையரைப் போற்றும் நமக்கு, இந்தத் துருக்கியரின் உழைப்பு விளங்காமற் போகாது.

எருதின் கொம்பு

துருக்கியின் கிழக்குப் பகுதியில் பித்லிஸ் என்பது ஒரு மலை நகரம். அங்கே 1924ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் பிறந்தவர் செஸ்கின். அவருக்கு நான்கு வயது நடக்கும்போது, 1928இல், துருக்கி மொழியின் எழுத்து மாற்றப்பட்டது. அதுவரை அரபு எழுத்தில் எழுதி வந்தவர்கள் இலத்தீன் எழுத்துக்கு மாறினர். அம்மாற்றத்தின் நன்மை தீமை வேறு பேச்சு. எழுதப் படிக்கக் கற்பது எளிதாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒன்று நடந்தது: பாட்டன் எழுதி வைத்த கடிதத்தைப் பேரன் படிக்க முடியாத நிலை ஏற்பட்டது. இஸ்தான்புல் நூல்நிலையங்களில் பல்லாயிரம் கையெழுத்துப் பிரதிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திறந்து பார்க்கக்கூடிய கண்களோ ஆண்டுக்காண்டு குறைந்து வந்தன.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் சொன்னதைச் செஸ்கின் முதுமையிலும் மறக்கவில்லை. முஸ்லிம் அறிஞர்கள் உலகம் எருதின் கொம்பின் மீது நிற்கிறது என்று நம்பினார்கள் என்றாராம் ஆசிரியர். சிறுவன் அதை அப்படியே நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்? மறுத்துச் சொல்லும் நூல்கள் பூட்டிய அறைகளில் இருந்தன. பூட்டைத் திறந்தாலும் படிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லை.

பொறியியல் கற்கும் எண்ணத்தோடு இஸ்தான்புல் வந்த இளைஞர், ஒருநாள் ஜெர்மன் பேராசிரியர் ஹெல்முட் ரிட்டர் ஆற்றிய உரையைக் கேட்டார். அரபு, பாரசீக ஏடுகளில் அந்நாளில் இணையற்ற புலமை உடையவர் ரிட்டர். இஸ்தான்புல் நூல்நிலையங்களின் ஏடுகளுக்கு இடையே வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். அரபு மொழியில் எழுதிய கணித அறிஞர்கள், வானநூல் வல்லுநர்கள் ஐரோப்பாவின் மிகப் பெரிய அறிஞர்களுக்கு இணையாக நிற்பவர்கள் என்று அவர் சொல்லக் கேட்டதும் இளைஞருக்குத் தூக்கம் போயிற்று. எருதின் கொம்பு எங்கே, இது எங்கே! பொறியியலை விட்டார். ரிட்டரின் மாணவரானார்.

கடுமையான ஆசிரியர் ரிட்டர். ஆண்டுக்கொரு மொழி கற்க வேண்டும் என்பவர். போர்க்காலத்தில் ஆறு மாதம் பல்கலைக் கழகம் மூடப்பட்டபோது, அரபு மொழியைக் கற்றுக்கொள் என்று மாணவரை ஏவினார். செஸ்கின் வீட்டிலே அமர்ந்து, பத்தாம் நூற்றாண்டில் மறைந்த தபரீ எழுதிய திருக்குர்ஆன் விரிவுரையின் 30 பாகங்களைக் கையில் எடுத்தார். நாளொன்றுக்கு 17 மணி நேரம் படித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியதுண்டு. தொடக்கத்தில் பாதிகூடப் புரியவில்லை. ஆறு மாதம் முடிந்தபோது, கஸ்ஸாலியின் நூலொன்றை ரிட்டர் எடுத்து நீட்ட, மாணவர் அதைச் செய்தித்தாள் படிப்பதுபோலப் படித்துக் காட்டினாராம்.

அவருடைய முதற்பெரும் ஆராய்ச்சி இமாம் புகாரியைப் பற்றியது. நபிகள் நாயகத்தின் மொழிகளைத் தொகுத்தளித்த புகாரி, கி.பி. 870இல் மறைந்தவர். ஒவ்வொரு நபிமொழிக்கும் முன்னால், 'இன்னார் எனக்குச் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார்' என்று பெயர்ச் சங்கிலி ஒன்று வரும். ஆகவே இவை வாய்வழியாக மட்டுமே வந்து, மிகப் பிற்காலத்தில்தான் எழுத்தேறின என்று ஐரோப்பிய ஆய்வாளர் பலர் கருதினர். செஸ்கின் அந்தப் பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். பல இடங்களில் அந்தப் பெயர் ஒரு வாயை மட்டுமல்ல, ஒரு நூலையும் குறிக்கிறது. ஆசிரியரிடம் பாடம் கேட்டு, நூலை எடுத்தாள உரிமை பெற்றவர்களே அப்படி எழுதினர் என்று காட்டினார். 1956இல் நூலாக வந்த இந்த ஆராய்ச்சி பலத்த விவாதத்தைக் கிளப்பிற்று. பெயர்களை வரிசைப்படுத்தினால் மறைந்த நூல்கள் தலைகாட்டும் என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றார்.

பட்டியல் போடுவது பெரிய வேலையா?

"நூல்களின் பெயரை எழுதி வைப்பது குமாஸ்தா வேலையல்லவா? இதற்கொரு பேரறிஞர் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். அச்சிட்ட நூலுக்கு முகப்பு உண்டு, பெயர் உண்டு, ஆண்டு உண்டு. கையெழுத்துப் பிரதிக்கு அதெல்லாம் கிடையாது. முதல் ஏடு கிழிந்திருக்கும். அதோடு ஆசிரியர் பெயரும் போயிருக்கும். ஒரே அட்டைக்குள் பத்து நூல்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். முதல் நூலின் பெயரை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போனால் மற்ற ஒன்பதும் ஒழிந்தன. புகழ் பெற்றவரின் பெயரைப் போட்டால் விலை கூடும் என்று, யாரோ எழுதியதை யார் பெயரிலோ ஏற்றி விற்றவர்களும் உண்டு. தாளின் தன்மை, எழுத்தின் சாயல், படியெடுத்தவன் இறுதியில் எழுதிய குறிப்பு, ஓரத்திலே உள்ள முத்திரை — இத்தனையையும் ஆராய்ந்துதான் இது இன்னாருடைய நூல், இந்த நூற்றாண்டின் பிரதி என்று முடிவு கட்ட வேண்டும்.

அடுத்த கட்டம் இன்னும் கடினம். இஸ்தான்புல்லில் முதற்பாதி, பாரிசில் பிற்பாதி, கெய்ரோவில் சுருக்கம், நம் நாட்டு ராம்பூரிலோ பாட்னாவிலோ உரை — இப்படிச் சிதறிக் கிடக்கும் ஒரே நூலின் உறுப்புகளை ஒன்று சேர்த்து, இவையெல்லாம் ஓர் உடலின் அங்கங்கள் என்று காட்ட வேண்டும்.

மூலமே அழிந்துபோன நூல்களும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியை எடுத்துக் கொள்ளுங்கள். இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கி அவர் ஒரு நூல் எழுதினார். நாம் கண்ட எண்கள் ஐரோப்பாவுக்குப் போன பாதையிலே அந்நூல் ஒரு முக்கியமான படிக்கட்டு. அதன் அரபு மூலம் இன்று இல்லை; இலத்தீன் மொழிபெயர்ப்புகளில்தான் அது உயிர் வாழ்கிறது. மேலை மொழிகளில் கணக்கிடும் முறைக்கு வழங்கும் 'அல்காரிதம்' என்ற சொல்லே குவாரிஸ்மி என்ற பெயரின் திரிபுதான். மூலம் போயிற்று, பெயர் மட்டும் சொல்லாகித் தங்கிற்று! இப்படிப் போனவற்றையும் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

இந்த வேலை அரபு உலகிற்குப் புதிதல்ல. பாக்தாதில் இப்னு அந்நதீம் என்பவர் தம் காலத்தில் அரபு மொழியில் கிடைத்த நூல்களையெல்லாம் வரிசைப்படுத்தி, ஏறத்தாழ கி.பி. 987இல் 'அல் பிஹ்ரிஸ்த்' என்ற அட்டவணையை எழுதினார். அதில் காணும் நூல்களில் மிகப் பல இன்று இல்லை. அவை இருந்தன என்பதே அந்த அட்டவணையால்தான் தெரிகிறது.

நம் காலத்துக்கு அருகில், ஜெர்மன் அறிஞர் கார்ல் புரோக்கல்மன் அரபு இலக்கிய வரலாற்றை நூற்பட்டியலாகவே எழுதினார். 1898இல் தொடங்கி 1942 வரை வெளிவந்த பெரும்பணி அது. தனியொரு மனிதரின் சாதனை. ஆயினும் பெரும்பாலும் பிறர் அச்சிட்ட அட்டவணைகளை வைத்து எழுதியது. இஸ்தான்புல்லின் செல்வம் முழுவதும் அவர் கண்ணில் படவில்லை. அந்தக் குறையை நிரப்ப ஓர் இணைப்பு எழுதலாம் என்றுதான் செஸ்கின் முதலில் எண்ணினார். ஏடுகளைப் பார்க்கப் பார்க்க, இணைப்புப் போதாது, அடித்தளத்திலிருந்தே புதிதாகக் கட்ட வேண்டும் என்பது புலப்பட்டது. தனி மனிதரால் ஆகாத காரியம் என்றார் ரிட்டர். மாணவர் கேட்கவில்லை.

ஒரு பெட்டி

அந்த நேரத்தில்தான் 147 பெயர்களின் பட்டியல் வந்தது. தமக்குத் தெரிந்த வெளிநாட்டு அறிஞர்களுக்குச் செஸ்கின் கடிதம் எழுதினார். அமெரிக்காவுக்கும் போயிருக்கலாம். ஆனால் இஸ்தான்புல் நூல்நிலையங்களுக்கு ஓடி வந்து போகக்கூடிய தொலைவில் இருக்க விரும்பினார். துரத்தியது நாடு, ஆனாலும் அதன் ஏடுகளை விட்டு அவர் மனம் அகலவில்லை! 1961இல் ஒரே ஒரு பெட்டியுடன் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். 

அங்கே கதே பல்கலைக் கழகத்தில் மீண்டும் படியேற வேண்டியிருந்தது. 1965இல் இரசவாத அறிஞர் ஜாபிர் இப்னு ஹய்யானைப் பற்றிய ஆய்வை அளித்துத் தகுதி பெற்றார். அடுத்த ஆண்டு பேராசிரியரானார். அவருடைய மனைவி உர்சுலாவும் அரபு வரலாற்று ஏடுகளை ஆராய்ந்த அறிஞர்.

1967இல் முதல் தொகுதி வெளிவந்தது. 'அரபு எழுத்துலகின் வரலாறு' என்று பொருள்படும் ஜெர்மன் தலைப்பு. குர்ஆன் கலைகள், நபிமொழி, வரலாறு, சட்டம், சமயக் கொள்கை, ஞானநெறி ஆகிய துறைகளில் ஹிஜ்ரி 430 வரை, அதாவது ஏறத்தாழ கி.பி. 1038 வரை, எழுதியவர்கள் யார், எழுதியவை எவை, எந்த ஊரில், எந்த நூல்நிலையத்தில், எந்த எண்ணில் அவை இருக்கின்றன என்று ஒவ்வொன்றுக்கும் முகவரி கொடுத்தார். ஆகாது என்று சொன்ன ரிட்டரே, இதுபோல் இதற்கு முன் எவரும் செய்ததில்லை, இதைவிடச் சிறப்பாக இனி எவரும் செய்யப் போவதுமில்லை என்று பாராட்டியதாகச் சொல்வர். ஆசிரியர் தோற்று மாணவர் வென்ற அந்தத் தோல்வியை எந்த ஆசிரியர்தான் விரும்பமாட்டார்!

பிறகு தொகுதிகள் வந்துகொண்டே இருந்தன. 1970இல் மருத்துவம், 1971இல் இரசவாதம், வேதியியல், தாவரவியல், உழவு, 1974இல் கணிதம், 1975இல் கவிதை, 1978இல் வானநூல், 1979இல் சோதிடமும் வானிலையும், 1982இல் அகராதிக்கலை, 1984இல் இலக்கணம், 2000இல் நிலநூல் கணிதமும் வரைபடங்களும் மூன்று தொகுதிகளாக. பதினேழாம் தொகுதி வந்தது 2015இல். அப்பொழுது அவருக்கு வயது 90. முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் இடையே 48 ஆண்டுகள்!

ஏட்டிலிருந்து கண்ணுக்கு

ஏடுகளின் எண்களை எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1979இல் சவூதி நாட்டின் மன்னர் பைசல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதைத் தொடர்ந்து கிடைத்த ஆதரவையும் திரட்டி, 1982இல் அரபு இஸ்லாமிய அறிவியல் வரலாற்று நிலையத்தைப் பிராங்பர்ட்டில் நிறுவினார். கையெழுத்துப் பிரதிகளின் நிழற்படப் பதிப்புகளும், கிடைத்தற்கரிய பழைய ஆய்வுகளின் மறுபதிப்புகளும் ஆயிரம் தொகுதிகளுக்கு மேல் அங்கிருந்து வந்தன.

ஏடுகளில் எழுதியிருந்த கருவிகளை அப்படியே செய்து பார்த்தால் என்ன என்று கேட்டார். கைவினைஞர்களைத் தேடிப் பிடித்தார். விண்மீன்களை அளக்கும் வட்டில்கள், நீர்க் கடிகாரங்கள், அறுவைக் கருவிகள், நிலவுருண்டைகள் என 800 அளவில் கருவிகள் மீண்டும் உருப்பெற்றன. 2008இல் இஸ்தான்புல்லிலும் இத்தகைய காட்சிச்சாலை திறக்கப்பட்டது. எங்கே தெரியுமா? சுல்தான்களின் அரண்மனையை ஒட்டிய குல்ஹானே பூங்காவில், பழைய அரண்மனைக் குதிரை லாயத்தில்!

அதே இஸ்தான்புல்லில் பதினாறாம் நூற்றாண்டில் தகீயுத்தீன் என்ற அறிஞர் ஒரு வானாய்வுக் கூடம் கட்டியிருந்தார். சுல்தானின் ஆணையால் 1580இல் அது இடித்துத் தள்ளப்பட்டது. அந்தக் கூடத்தின் கருவிகளும் செஸ்கினின் காட்சிச்சாலையில் மீண்டும் எழுந்து நின்றன. இடிப்பதற்கு ஓர் ஆணை போதுமானதாயிருந்தது. எழுப்புவதற்கு நானூறு ஆண்டும் ஒரு மனிதரின் ஆயுளும் தேவைப்பட்டன.

கிரேக்கர்களிடமிருந்தும் இந்தியர்களிடமிருந்தும் பாரசீகர்களிடமிருந்தும் பெற்றதை அரபு அறிஞர்கள் மறைக்கவில்லை, பெயர் சொல்லி எழுதினார்கள் என்பதைச் செஸ்கின் திரும்பத் திரும்பக் கூறுவார். அறிவியலின் வரலாறு ஒன்றே. ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு மக்கள் அதைச் சுமந்து வந்தனர் என்பது அவர் கொள்கை.

மறுப்போரும் உண்டு

அவர் சொன்ன அனைத்தும் வேதவாக்கு என்று நாம் கூறவில்லை. கூறினால் அவர் கற்ற கல்விக்கே இழுக்கு. ஜாபிர் பெயரில் வழங்கும் நூல்கள் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையே என்று அவர் வாதாடினார். பவுல் கிரவுஸ் என்ற அறிஞர் அதற்கு முன்பே, அவை பிற்காலத்தவர் பலர் எழுதியவை என்று காட்டியிருந்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. கொலம்பசுக்கு முன்பே முஸ்லிம் மாலுமிகள் அமெரிக்கக் கரையை அடைந்தனர் என்று பழைய வரைபடங்களைக் கொண்டு செஸ்கின் எழுதினார். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

மறுப்பதில் தவறில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவர் ஐயத்தோடு எழுதியதை ஆட்சியாளர் ஒருவர் ஐயமின்றி முழங்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. 2014இல் துருக்கியின் குடியரசுத் தலைவர் எர்துவான், அமெரிக்காவைக் கண்டறிந்தவர்கள் முஸ்லிம்களே என்று மேடையிலே பேசியதும், வாதத்துக்குரிய பொருள் வாழ்த்தொலிக்குரிய பொருளாயிற்று. ஏடுகளைப் புரட்டி ஏற்பதோ மறுப்பதோ போய், எந்தக் கட்சி எந்த நாடு என்று பார்த்து ஏற்பதும் மறுப்பதும் வந்தது. 17 தொகுதிகளைத் திறந்தே பாராதவர்களும் அவரைப் பற்றிச் சண்டையிட்டனர்.

பூட்டும் மாலையும்

கடைசிக் காலத்தில் இன்னொரு சோதனை. வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோக அவர் விரும்பினார். நூல்கள் அவருக்குச் சொந்தமா, பிராங்பர்ட் நிலையத்துக்குச் சொந்தமா என்று 2017இல் ஜெர்மன் அதிகாரிகளுடன் பூசல் மூண்டது. நூல்கள் போகாமல் தடுக்கப்பட்டன. யார் பக்கம் நியாயம் என்பதைச் சட்டம் சொல்லட்டும். ஒரு நாடு அவரை ஏடுகளிடமிருந்து துரத்திற்று. இன்னொரு நாடு அவருடைய நூல்களுக்குப் பூட்டுப் போட்டது. 92 வயதில் ஓர் அறிஞர் கண்ட காட்சி இது.

பூசல் தீராமலே, 2018ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள், இஸ்தான்புல்லில் செஸ்கின் மறைந்தார். சுலைமானியா பள்ளிவாசலில் இறுதித் தொழுகை. குடியரசுத் தலைவரே வந்திருந்தார். குல்ஹானே பூங்காவில், அவருடைய காட்சிச்சாலைக்கு அருகிலேயே அடக்கம். 2019ஆம் ஆண்டு முழுவதையும் 'புவாத் செஸ்கின் ஆண்டு' என்று துருக்கி அரசு அறிவித்தது. 36 வயதில் வேண்டாம் என்று விரட்டியவருக்கு 93 வயதில் மறைந்தபின் வெண்சாமரம்!

மாலை போட்டதை நாம் குறை கூறவில்லை. செய்த பிழையை ஒரு நாடு உணர்ந்தால் மகிழ வேண்டியதுதான். ஆயினும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த 147 பேரில் எத்தனை பேருக்கு ஒரு பிராங்பர்ட் கிடைத்தது? எத்தனை பேருடைய குறிப்புகள் பாதியிலே நின்றன? செஸ்கின் பிழைத்தார், ஆகவே அறிஞர்களைத் துரத்துவதால் அறிவுக்குக் கேடில்லை என்று யாரேனும் வாதிட்டால், கிணற்றில் தள்ளியதால்தான் நீச்சல் கற்றான் என்று சொல்வதற்கு அது ஒப்பாகும். மூழ்கிப் போனவன் சாட்சி சொல்ல வருவதில்லை!

அறிஞரைப் போற்ற ஆண்டுவிழா வேண்டும். சிலையும் வேண்டுமானால் வைக்கட்டும். அதைவிட முதலில் வேண்டியது ஒன்றுண்டு: அவர் உயிரோடு உழைக்கும்போது, அவர் மேசையின்மீது இருக்கும் குறிப்புகளைக் கலைக்காமலிருப்பது. அது செலவில்லாத மரியாதை. ஆனால் ஆட்சிபீடத்தில் இருப்போருக்கு அதுவே மிகவும் கடினமாயிருக்கிறது.

செஸ்கின் மறைந்தபோது பதினெட்டாம் தொகுதிக்கான வேலை நடந்துகொண்டிருந்தது.